ஏர்த் இல்லாமல் வரும் வயரிங் செட்

பழைய வண்டி எதற்கும் பொருந்தும் யுனிவேர்சல் வயரிங் செட் என்று விற்கும் பெட்டியைத் திறந்து திண்ணையில் விரித்தால் முதலில் கண்ணில் படுவது நிறங்கள்தான். மண்ணிறம், கடும்பச்சை, இளநீலம், ஊதா, மஞ்சள் என்று கட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொரு வயரின் மேலும் சில அங்குலத்துக்கு ஒருதரம் அது எங்கே போகவேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். பியூஸ் பெட்டி புத்தம் புதிது. எல்லாம் சரி, இப்போது அதற்குள் கறுப்பு வயரைத் தேடிப் பாருங்கள். என்னுடைய செட்டில் ஹெட்லைட் பிளக்கோடு ஒட்டி வந்த இரண்டு சாண் துண்டைத் தவிர வேறு கறுப்பே கிடையாது. பல்புக்குக் கரண்ட் போகும் பாதியை மட்டும்தான் அவர்கள் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள், பல்பிலிருந்து பற்றரிக்குத் திரும்பி வரும் பாதியை, அதாவது ஏர்த்தை, நாமேதான் போட வேண்டும். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வண்டி நிற்கும் ஆட்களுக்கு அந்த இரண்டாவது பாதிதான் பெரிய வேலை.

என்னுடையது லாண்ட் ரோவர் சீரிஸ் IIA, வீல் பேஸ் (முன், பின் சில்லுகளின் இடைத்தூரம்) 88 அங்குலம், 2286 சிசி பெற்றோல் இன்ஜின், 1960களின் கடைசியில் வந்தது, இன்னும் ஸ்ரீ இலக்கத் தகடுதான். வீடு கல்லடிப் பக்கம், வயல் படுவான்கரையில். இந்த மொடலுக்கு இங்கிலாந்தில் பழைய மாதிரியே லூம் (வண்டி முழுவதற்குமான வயர்க் கட்டு) செய்து விற்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் அது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பழைய டைனமோவுக்கும் இரண்டே இரண்டு பியூஸுக்கும் செய்த லூம். என்னுடைய வண்டியில் டைனமோ எப்போதோ போய், அதே வேலையைச் செய்யும் டொயோட்டா ஒல்டனேற்றர் ஏறிவிட்டது. ஹெட்லைட்டுக்கு றிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) வேண்டும், ஒவ்வொரு லைனுக்கும் தனிப் பியூஸ் வேண்டும், போனுக்கு ஒரு சார்ஜர் முனையும் வேண்டும். அதனால் பன்னிரண்டு சேர்க்கிட் (தனித்தனி லைன்) உள்ள யுனிவேர்சல் செட் எடுத்தேன். இருபத்தொரு சேர்க்கிட் செட்டும் கிடைக்கும், ஆனால் பவர் விண்டோ, டோர் லொக், ஏசி எதுவும் இல்லாத வண்டிக்கு அத்தனை வயரைச் சுருட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் அடைத்து வைப்பதில் அர்த்தமில்லை.

பழைய வயரிங் இருந்த நிலையை நினைத்தால் அந்த வண்டி தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய காரியம். துணி பின்னிய உறை உக்கி, உள்ளே நிறமெல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி, இடையிடையே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் போட்ட ஒட்டுகள். ஒரு இடத்தில் வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயரைக் கொண்டு ஒட்டியிருந்தார்கள். ஏழே ஏழு தடித்த கம்பி உள்ள வயர் அது, சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குத்தான் சரி, வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு ஒவ்வொரு கம்பியாக ஒடிந்துவிடும். வண்டிக்கு எப்போதும் மெல்லிய இழை நிறைய உள்ள வயர்தான் வேண்டும். ஹெட்லைட்டுக்குப் பியூஸே இல்லை, அது கம்பெனியிலிருந்தே அப்படி.

பழைய லூமைக் கழற்றும்போது அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி, எது எங்கிருந்து கழன்றது என்று எழுதி, போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழு லூமையும் வேலை முடியும்வரை கொட்டிலில் தொங்கவிட்டு வைத்திருங்கள். நீளம் அளக்க, வழி பார்க்க, ஏதாவது மறந்துபோனால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கும்.

செட் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு வயரை அரை அங்குலம் உரித்து, ஒரு இழையைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறமாக இருந்து சுரண்டியதும் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர், திருப்பி அனுப்பிவிடுங்கள். மேலே வெள்ளியாக இருந்து உள்ளே செம்பு தெரிந்தால் அது ஈயம் பூசிய செம்பு, அதுதான் நம்முடைய உப்புக்காற்றுக்கு மிக நல்லது. அலுமினியம் செம்பை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகக் கடத்தும், கிரிம்ப் செய்த (முனையை வயரில் நசுக்கிப் பூட்டிய) இடத்தில் ஈரம் பட்டால் சீக்கிரம் அரித்தும் போகும். செட்டில் குறை வயர்களைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் நல்ல லொறி பார்ட்ஸ் கடைகளிலும் மீற்றர் கணக்கில் வாங்கலாம். அமெரிக்க அளவில் 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.8 சதுர மில்லிமீற்றர், 14 என்றால் 2, 10 என்றால் 5 என்று மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் கடைக்காரருக்கும் குழப்பம் இல்லை.

நிறம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த செட்டுகள் அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் நிற முறையில் செய்தவை. லாண்ட் ரோவரில் இருப்பது இங்கிலாந்தின் லூக்காஸ் கம்பெனி முறை. லூக்காஸில் மண்ணிறம் என்றால் பற்றரியிலிருந்து நேரே வரும் லைன், எப்போதும் கரண்ட் உள்ளது. இந்த செட்டில் மண்ணிறம் பார்க் லைட்டுக்கும் பின் லைட்டுக்கும் போவது. லூக்காஸில் வெள்ளை இக்னிஷன், இதில் வெள்ளை பிரேக் லைட். இதோடு நம் ஊர் ஓட்டோ எலக்ட்ரீசியன்மார் கை பழகியிருப்பது ஜப்பான் வண்டிகளில். டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது ஏர்த், லூக்காஸில் அதே வெள்ளை-கறுப்பு இக்னிஷன் கொயிலிலிருந்து டிஸ்றிபியூற்றருக்குப் போவது. ஆகவே நாளைக்கு வாழைச்சேனையிலோ அக்கரைப்பற்றிலோ வழியில் நின்று ஒருவர் உங்கள் பொனட்டைத் திறந்தால் அவர் எதை நம்பித் தொடுவார்? ஒரு தாளில் முழு வயரிங்கையும் தமிழில் வரைந்து லமினேட் பண்ணி சீற் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

அடுத்தது பிரேக் லைட். செட்டோடு வரும் விளக்கத் தாளை அப்படியே பின்பற்றினால் லாண்ட் ரோவரில் பிரேக் லைட் எரியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய அமெரிக்கக் கார்களில் பின்னால் பிரேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே பல்ப், ஒரே இழை. அதனால் பிரேக் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயர் முதலில் சிக்னல் சுவிட்சுக்குள் போய், அங்கிருந்து மஞ்சளாக இடப்பக்கமும் கடும்பச்சையாக வலப்பக்கமும் பின்னால் போகிறது. நம்முடைய வண்டியில் சிக்னல் தனி, பிரேக் தனி. ஆகவே வெள்ளை வயரைச் சிக்னல் சுவிட்சுப் பக்கமே விடாமல், பிரேக் சுவிட்சிலிருந்து நேரே பின்னால் இழுத்து இரண்டு பிரேக் பல்புக்கும் கொடுக்க வேண்டும். மஞ்சளையும் முன் இடச் சிக்னலுக்குப் போகும் இளநீலத்தையும் சிக்னல் சுவிட்சின் இட முனையில் சேர்த்துவிடுங்கள், கடும்பச்சையையும் முன் வலச் சிக்னலுக்குப் போகும் கடும்நீலத்தையும் வல முனையில். அவ்வளவுதான், ஆனால் இதை விளங்கிக்கொள்ளாமல் வயரை வெட்டினால் நீளம் போதாமல் போகும், ஏனென்றால் பின்னால் போகும் கட்டில் பிரேக்குக்கென்று தனி வயரே இல்லை.

ஒல்டனேற்றர் பிளக் பொருந்தாது, வெட்டிவிட்டு டொயோட்டா பிளக்கைப் போடுங்கள். அதன் L முனை டாஷ்போர்டில் உள்ள சார்ஜ் பல்புக்கு, IG முனை இக்னிஷனுக்கு, S முனை நேரே பற்றரிக்கு. பெரிய வயராக செட்டில் வருவது 10 கேஜ். நான் அதை விட்டுவிட்டு 10 சதுர மில்லிமீற்றர் போட்டேன், பழைய டைனமோ 22 அம்பியருக்குத்தான் செய்தது, ஒல்டனேற்றர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளும்.

உங்களுடையது 1967க்கு முந்தைய வண்டி என்றால் அது பொசிற்றிவ் ஏர்த்தாக இருக்கும், பற்றரியின் பிளஸ் முனை வண்டியின் அடிச்சட்டமான செசியில். யுனிவேர்சல் செட், றிலே, போன் சார்ஜர் எல்லாமே மைனஸ் ஏர்த்தை நினைத்துச் செய்தவை. மாற்றுவது கடினமில்லை: கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, அம்மீற்றர் வயரையும் மாற்றி, இன்னும் டைனமோதான் என்றால் அதன் F முனையைப் பற்றரி பிளஸ்ஸால் ஒரு கணம் தொட்டுப் புதுப் பக்கத்துக்குப் பழக்க வேண்டும்.

இனி ஏர்த்துக்கு வருகிறேன்.

லாண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை, செசி இரும்பு, இரண்டையும் சேர்ப்பது இரும்பு போல்ட். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும், அரிபடுவது அலுமினியம். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வளையமாக வெள்ளைப் பொடி கட்டியிருக்கும். அந்தப் பொடி கரண்டைக் கடத்தாது. மாரிகாலத்தில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே கல்லடிக்குள் அடிக்கும், காலையில் கண்ணாடியைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். இதே உப்புத்தான் மட்காட் போல்ட்டுக்குள்ளும் போகிறது. கம்பெனிக்காரன் அந்தக் காலத்தில் அநேகமான பல்புகளுக்கு உடம்பையே ஏர்த்தாக நம்பியிருந்தான். இங்கிலாந்தின் பனிக்கே அது தாங்கவில்லை, இங்கே எப்படித் தாங்கும்?

காத்தான்குடியில் ஒரு வயதான ஓட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார், லொறி வயரிங்கிலேயே ஆயுளைக் கழித்தவர். செட் போடத் தொடங்குமுன் அவரை வரச்சொல்லிக் காட்டினேன். நான் புதுப் பியூஸ் பெட்டியைக் காட்ட, அவர் அதைப் பார்க்கவே இல்லை. பழைய வயரிங் அப்போது இன்னும் வண்டியில்தான். பின்னால் போய் லைட்டைப் போடச் சொன்னார். இடப்பக்கப் பின் லைட் மங்கலாகச் சிவந்து கிடந்தது. பற்றரி மைனஸிலிருந்து ஒரு நீள வயரைக் கொண்டுவந்து அந்த லைட்டின் உலோக அடியில் வைத்து அமத்தினார், பல்ப் சட்டென்று முழு வெளிச்சத்துக்கு வந்தது. எடுத்தார், மங்கியது. திரும்ப வைத்தார், எரிந்தது.

“பாத்தியா தம்பி, கரண்ட் வாறது சரியாத்தான் வருது. போறதுக்குத்தான் வழி இல்ல.”

“அப்ப புது செட் போடத் தேவையில்லையா காக்கா?”

“போடு, இந்த வயர வெச்சுக்கொண்டு ஓடேலாது. ஆனா அந்தப் பெட்டியில வந்தத மட்டும் போட்டுட்டு முடிஞ்சுதெண்டு நினையாத. எத்தின பல்ப் இருக்கோ அத்தின கறுப்பு வயர் இழு.”

அப்படித்தான் இழுத்தேன். பற்றரி மைனஸிலிருந்து ஒரு தடித்த கேபிள் செசிக்கு, இன்னொன்று நேரே கியர்பொக்ஸ் போல்ட்டுக்கு. இந்த இரண்டாவதை யாரும் தவறவிட வேண்டாம். இன்ஜினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன, ஏர்த் பட்டி அறுந்துபோனால் ஸ்டார்ட்டரின் கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். சோக் கேபிளின் உறை கருகியிருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பித்தளை ஏர்த் பார். வீட்டு பிரேக்கர் பெட்டிக்குள் வரிசையாக ஸ்க்ரூ வைத்து வருமே, அதேதான், எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். பற்றரியிலிருந்து 10 சதுர மில்லிமீற்றர் கறுப்பு வயர் அந்தப் பாருக்கு. பாரிலிருந்து ஒவ்வொரு ஹெட்லைட், ஒவ்வொரு சிக்னல், வைப்பர், மீற்றர் பலகை, ஹோர்ன் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கறுப்பு. பின்னாலும் இதே மாதிரி ஒரு சின்னப் பார், பின் லைட்டுகளுக்கும் இலக்கத் தகடு லைட்டுக்கும். பெற்றோல் தாங்கிக்கும் ஒன்று, அதில் உள்ள மிதவைக்கும் ஏர்த் வேண்டும். நுனியில் ஸ்க்ரூ நேரே இழைகளைக் கடிக்காதபடி குழாய் மாதிரி உள்ள கிரிம்ப் முனை போட்டு இறுக்குங்கள், எல்லாம் முடிந்ததும் மேலே வாஸ்லின் பூசிவிடுங்கள். செசியில் ஏர்த் போடும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி இரும்பு மினுங்கவேண்டும், நட்சத்திரப் பல் உள்ள வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகுதான் மேலே பெயின்ற்.

மீற்றர் பலகையை வலியுறுத்திச் சொல்கிறேன். இந்தக் காலத்து ஸ்மித்ஸ் பெற்றோல் மீற்றரும் ஹீற் மீற்றரும் 12 வோல்ற்றில் ஓடுவதில்லை, பின்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டி 10 வோல்ற்றாகக் குறைத்துக் கொடுக்கும். யுனிவேர்சல் செட்டுக்கு இது தெரியாது, அது 12 வோல்ற்றை நேரே மீற்றருக்குக் கொண்டுவரும். அதனால் செட்டின் வயரை அந்தப் பெட்டிக்குக் கொடுத்து, பெட்டியிலிருந்து மீற்றர்களுக்குக் கொடுங்கள். அந்தப் பெட்டி தன் உடம்பின் மூலம்தான் ஏர்த் எடுக்கிறது. ஏர்த் இல்லாவிட்டால் அது குறைக்காமல் முழு வோல்ற்றையும் அனுப்பிவிடும், பெற்றோல் இருப்பதைவிடக் கூடக் காட்டும், இன்ஜின் சூடேறாமலே ஹீற் மீற்றர் ஏறும். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, தேமோஸ்ரற் மாற்றி, கடைசியில் ஒரு கறுப்பு வயரில் முடிந்த கதைகள் நிறைய உண்டு.

ஏர்த் நல்லதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மல்ரிமீற்றரை 20 வோல்ற்றில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரி மைனஸில் பிடித்து, சிவப்பு முனையை எரிந்துகொண்டிருக்கும் லைட்டின் ஏர்த் முனையில் வையுங்கள். 0.1 வோல்ற் அளவில் நின்றால் சந்தோஷம். 0.5 காட்டினால் அந்த அரை வோல்ற் வெளிச்சமாகாமல் வழியிலேயே போகிறது. ஒம் அளவில் வைத்துப் பார்ப்பது காணாது, கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த ஏர்த்தும் நல்லது போலத்தான் காட்டும். லைட் எரியும்போதே பாருங்கள்.

ஹெட்லைட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். பல்பின் வெளிச்சம் வோல்ற் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும். 13.5 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போகும் வழியில் கொஞ்சம், பழைய சுவிட்சில் கொஞ்சம், காலால் மிதிக்கும் டிம் சுவிட்சில் கொஞ்சம், திரும்பும் வழியில் மிச்சம் என்று ஒன்றரை வோல்ற் போவது இந்த வண்டிகளில் சர்வசாதாரணம். இரவில் வவுணதீவு தாண்டிப் படுவான்கரை உள்வீதிகளில் போனவர்களுக்கு அந்த மூன்றில் ஒரு பங்கின் அருமை தெரியும். மாடு படுத்திருக்கும், யானை நிற்கும், இரண்டும் ரோட்டின் நிறத்திலேயே இருக்கும். ஹெட்லைட்டுக்கு இரண்டு றிலே போட்டு, 30ஆம் முனைக்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக நேர் லைன், 87இலிருந்து பல்புக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், 86க்குப் பழைய டிம் சுவிட்சின் வயர், 85 ஏர்த் பாருக்கு. இப்போது சுவிட்சுகள் வழியாக ஓடுவது றிலேயை இழுக்கும் சின்னக் கரண்ட் மட்டும்தான். என் வண்டி இந்த அளவுக்கு வெளிச்சம் தரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒட்டுகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். நான் ஈயம் வைப்பதில்லை. ஈயம் இழைக்குள் ஊறி ஏறி, அது முடியும் இடத்தில் வயர் விறைத்துப்போகும், ஆட்டத்தில் அந்த இடத்தில்தான் ஒடியும். நல்ல ராச்செற் கிரிம்ப் குறடு ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள், உள்ளே பசை உள்ள ஹீற் ஷ்ரிங் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள், சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை கொஞ்சம் வெளியே பிதுங்கினால் தண்ணீர் உள்ளே போகாது. தகட்டு ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம். அலுமினியத் தகட்டின் விளிம்பு வயர் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும், வெளியில் தெரியாது. பியூஸ் பெட்டியை இன்ஜின் பக்கம் வைக்காமல் உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே, தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்தேன், மாரியில் எங்கள் வயல் வழி சில நாட்களில் வாய்க்கால் போலத்தான் ஓடும்.

முதல்தடவை பற்றரி கொடுக்கும்போது நேரே மாட்டாதீர்கள். எல்லாப் பியூஸையும் கழற்றிவிட்டு, பற்றரி மைனஸுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாற் பிரேக் பல்பை வையுங்கள். பல்ப் எரியாவிட்டால் ஒவ்வொரு பியூஸாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எந்தப் பியூஸைப் போட்டதும் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிகிறதோ அந்த லைனில் ஷோட் இருக்கிறது. வயர் கருகாது, பியூஸும் போகாது, பல்ப் கரண்டைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். எல்லா லைனும் இப்படித் தேறிய பிறகுதான் கேபிளை நேரே இறுக்கினேன்.

அம்பாறைப் பக்கம் 109 அங்குல வண்டிகள் வைத்திருக்கும் ஆட்கள் செட் வாங்கமுன் பின்பக்க வயரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், வீல் பேஸ் மட்டும் 21 அங்குலம் கூட, ஏர்த் வயரும் அதே அளவுக்குக் கூட வேண்டும். டீசல் இன்ஜின் என்றால் கொயில் லைனை வேறு எதற்காவது எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்டார்ட் பண்ணமுன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீற்றர் பிளக்குக்கு இந்த செட்டில் எதுவுமே இல்லை. பழைய 2.25 லீற்றர் டீசலில் நான்கு ஹீற்றர் பிளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் போகும், 35 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஒன்று போனால் நான்கும் சூடாகாது. அதற்குத் தனி றிலேயும் தனித் தடித்த வயரும் போடுங்கள், பியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.